உலக முடிவுக்கு ஆள் கூட்டிப் போன கதை

நுவரெலியாவில் வேன் வைத்திருக்கிறேன். ஆட்களை ஹோர்டன் சமவெளிக்குக் கூட்டிப் போய், நடத்திக் காட்டி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவது பிழைப்பு. விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, அம்பேவெல, பட்டிப்பொல வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம் ஏறி, உள்ளே ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு சுற்று நடந்தால் பகல் சாப்பாட்டுக்கு ஊருக்கு வந்துவிடலாம். “இவ்வளவுதானா அண்ணே?” என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. இவ்வளவுதான். ஆனால் பேக்கர் என்ற வேட்டைக்கார வெள்ளைத் துரை காலத்தில் இதே பயணத்துக்கு நாட்கணக்கில் அரிசி கட்ட வேண்டியிருந்தது. என் தாத்தா காலத்தில் இரண்டு இரவு. வாரம் நாளாகி, நாள் அரை நாளாகச் சுருங்கிய கதையில் வழி நெடுகச் சுமை தூக்கினவர்கள் எங்கள் ஆட்கள். வேனில் பின்னால் உட்கார்ந்து தூங்கி வழிகிறவர்களிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

மேலே போனால் மலை என்ற நினைப்பே வராது. கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் உயரத்தில், புல்வெளியும் குட்டை மரக்காடும் மாறி மாறிக் கிடக்கும் மேட்டு நிலம் அது. மரங்களெல்லாம் காற்றுக்குக் குடை பிடித்த மாதிரி தலை தட்டையாக நிற்கும். ஒரு பக்கம் 2,389 மீட்டரில் கிரிகல்பொத்த, இன்னொரு பக்கம் 2,357 மீட்டரில் தொட்டுபொல கந்த. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் இந்தப் பக்கத்துச் சதுப்புகளில் ஊறுகிறது. கீழ்நாட்டில் வயல் காய்ந்தால் அங்கே பழி மழைக்கு. எனக்கென்னவோ முதலில் இந்தப் புல்லைப் பார்க்கத் தோன்றும்.

சிங்களத்தில் மஹா எலிய என்பார்கள். பலாங்கொடை மனிதன் என்று சொல்லப்படும் கற்கால மக்களின் கற்கருவிகள் இங்கே கிடைத்திருக்கின்றன. சதுப்பு மண்ணைத் துளையிட்டு எடுத்து, அதில் புதைந்த மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வாற்கோதுமை வகைத் தானியம் வளர்த்திருக்கிறார்கள் என்கிறார்கள். எல்லா ஆய்வாளர்களும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பயிர் வைத்தார்களோ இல்லையோ, ஆள் நடமாட்டம் இருந்தது நிச்சயம். ஆனாலும் 1834இல் ஃபிஷர், வாட்சன் என்ற இரண்டு இராணுவ லெப்டினன்ட்கள் இதைக் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அப்போது இலங்கையின் ஆளுநர் சர் ராபர்ட் வில்மட் ஹோர்டன். 1831 முதல் 1837 வரை இருந்தார். சமவெளிக்கு அவர் பெயர். கண்டியில் அவர் மனைவி பெயரில் ஒரு சாலை. நல்ல குடும்பம், ஆளுக்கொன்று.

அடுத்து வந்தவர்கள் சுட வந்தவர்கள். பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த மேஜர் ராஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் கொன்றார் என்று சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் கோல்ப் மைதானத்தை ஒட்டி அவர் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறை மேலும் இடி விழுந்தது என்று ஊரில் சொல்வார்கள். யானை சாபம் என்பார்கள். வேனில் இந்தக் கதையைச் சொன்னால் தூங்குகிறவர்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

சாமுவேல் பேக்கர் கதை வேறு மாதிரி. பிற்காலத்தில் ஆபிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு பேர் வாங்கிய அதே பேக்கர்தான். காய்ச்சலில் நொந்து போய் 1847இல் நுவரெலியாவுக்குக் காற்று மாற வந்தவர், குளிரில் தேறியதும் இங்கேயே ஓர் இங்கிலாந்துக் கிராமம் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். அடுத்த வருஷம் கப்பலில் கொல்லன், பண்ணைக்காரர், குதிரைக்காரர், மாடு, ஆடு, வேட்டை நாய்க் கூட்டம் என்று ஒரு ஊரையே ஏற்றிக் கொண்டுவந்தார். குதிரைக்காரர் இறம்பொடை மலைப் பாதையில் வண்டியைக் குதிரையோடு பள்ளத்தில் கவிழ்த்தார். பிறகு ஒரு யானையை ஓட்டி ஓட்டியே சாகடித்தார். இதையெல்லாம் பேக்கரே சிரிக்கச் சிரிக்க எழுதி வைத்திருக்கிறார். 1854இல் ஒன்று, 1855இல் ஒன்று என இலங்கையைப் பற்றி இரண்டு புத்தகங்கள். நன்றாக எழுதுகிற கை, ஒத்துக்கொள்ள வேண்டும். நாய்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, குணம் சொல்லி, எப்படிச் செத்தது என்பதையும் உருக்கமாக எழுதுவார்.

அவருக்கு மரை வேட்டை என்றால் துப்பாக்கி ஆகாது. நாய்கள் விரட்டி ஆற்றுக்குள் மடக்கும். இவர் தண்ணீரில் இறங்கிக் கத்தியால் குத்துவார். அதைத்தான் வீரம் என்று நினைத்தார். ஹோர்டன் சமவெளி அந்த விளையாட்டுக்குத் தோதான களம். ஆனால் சமவெளிக்குப் போவதென்றால் சும்மா இல்லை. கூடாரம், சமையல் பாத்திரம், மனிதருக்கும் நாய்க்கும் அரிசி, எல்லாமே ஆள் முதுகிலும் தலையிலும்தான் போக வேண்டும். யானைத் தடமும் கிராமத்தவர் ஒற்றையடிப் பாதையும்தான் வழி. வழி தெரிந்தவன் முன்னால், சுமைக்காரன் பின்னால், நடுவில் துரை. அவர் எழுத்தில் நாய்க்குப் பேர் உண்டு, சுமை தூக்கியவன் ‘கூலி’தான். சமவெளியில் இருக்கும் அருவிக்கு இன்றைக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சி என்றே பேர். இருபது மீட்டர் உயரம். தண்ணீர் நிறைய இருக்கும்போது பார்க்க வேண்டும், நன்றாயிருக்கும்.

சுடாமல் வந்தவர்களும் உண்டு. 1882இல் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல், பேராதனைத் தோட்டத்துப் பணிப்பாளர் ஹென்றி டிரைமனோடு நுவரெலியாவிலிருந்து நடந்தே வந்தார். செடி கொடி பார்க்க வந்த நடை. சமவெளி செங்குத்துப் பள்ளமாக முடிகிற ‘உலக முடிவு’ விளிம்பில் நின்று பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பாமல், தெற்கே கீழிறங்கி இரத்தினபுரிக்குப் போய், அங்கிருந்து களுகங்கையில் படகேறிக் கடற்கரைக்குப் போனார். இன்று நாம் செய்கிற மாதிரி, பார்ப்பதற்காகவே நடந்த நடை என்று பார்த்தால் அவரை எங்கள் முதல் வாடிக்கையாளர் என்றுகூடச் சொல்லலாம். அவருக்கும் சுமைக்காரர்கள் இருந்தார்கள்.

நான் யாரை அழைத்துப் போனாலும் பட்டிப்பொல தாண்டியதும் கேட்கிற ஒரு கேள்வி: “இவ்வளவு தூரம் தேயிலை வந்ததே, இங்கே மட்டும் ஏன் காடு நிற்கிறது?” பதில் ஒரு கடிதத்தில் இருக்கிறது. லண்டன் கியூ தோட்டத்தை நடத்திய ஜோசப் ஹூக்கர் 1873இல், ஐயாயிரம் அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடாதீர்கள், தொட்டால் கீழே தண்ணீர் கெட்டுப் போகும் என்று ஆலோசனை சொன்னார். அதை வைத்து அரசாங்கம் உத்தரவு போட்டது. அதற்குள் கீழே இருந்த காடெல்லாம் கோப்பிக்குப் பலியாகிவிட்டது. கோப்பிக்கு 1869இல் இலைநோய் பிடித்தது. சில வருஷத்தில் தோட்டம் தோட்டமாகக் கருகி, அந்த இடத்தில் தேயிலை வந்தது. உத்தரவு நிலைத்தது, தேயிலை மேலே ஏறவில்லை.

அந்தக் கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்தவர்கள்தான் நாங்கள். தமிழ்நாட்டில் மழை பொய்த்த ஊர்களிலிருந்து கங்காணி ஆள் சேர்த்துக் கூட்டி வருவார். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர் எத்தனையோ பேர். அந்த நடையைத் தப்பி வந்த காலுக்கு ஹோர்டன் சமவெளி ஏற்றம் ஒரு ஏற்றமா என்று தாத்தா கேட்பார்.

பயணத்தைச் சுருக்கியது ரயில். 1885இல் நானுஓயா வரை வந்த பாதை 1893இல் அப்புத்தளையைத் தொட்டது. நடுவில் பட்டிப்பொல, ஒஹிய என்று இரண்டு நிலையங்கள். பட்டிப்பொல 1,891 மீட்டர், இந்த நாட்டு ரயிலுக்கு அதைவிட உயரமான நிலையம் கிடையாது. ஒஹியவில் இறங்கினால் சமவெளிக்குப் பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான். தாமஸ் ஃபார் என்ற தோட்டத் துரை மேலே ஒரு வேட்டை வீடு கட்டினார். ஃபார் இன் என்று அதற்குப் பேர். கொழும்புத் துரை வெள்ளிக்கிழமை ரயிலேறிச் சனிக்கிழமை மேலே இருக்கலாம், திங்கட்கிழமை கந்தோருக்குப் போய்விடலாம். வேட்டை மெல்லக் குறைந்தது. யானைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியோடு சமவெளியில் இல்லாமலே போய்விட்டன. 1894இல் வேட்டை விலங்குகளைக் காக்கச் சங்கம் வைத்தவர்களும் வேட்டைக்காரர்கள்தான், அதுதான் இன்றைய வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கத்துக்கு முன்னோடி. துப்பாக்கி போன கையில் தூண்டில் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ட்ரவுட் மீனை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மலையாறுகளில் விட்டிருந்தார்கள். பெலிஹுல் ஓயாவில் அது இன்னும் இருக்கிறது.

தாத்தா ஒஹியப் பக்கத் தோட்டமொன்றில் பங்களா வேலை. தூண்டில் போடத் துரை புறப்பட்டால் இவரும் இன்னும் இரண்டு பேரும் சுமை. என்ன சுமை என்று வரிசையாகச் சொல்வார், நான் சிறுவனாக இருந்தபோது அதைக் கேட்கவே அவர் காம்பராவுக்குப் போவேன். வைக்கோல் சுற்றிய சோடாப் போத்தல்கள். அதைத் தலையில் வைத்தால் ஏற்றத்தில் கிணுகிணு என்று சத்தம் வரும், சத்தம் மாறினால் ஒன்று உடைந்துவிட்டது என்று அர்த்தம், அதன் காசு சம்பளத்தில் பிடிக்கப்படும். பாண், வெண்ணெய் டின், துரைசானிக்கு மடக்கு நாற்காலி, சமையல்கார அப்புவின் கத்திப் பெட்டி. துரை விடிந்து குதிரையில் வருவார். அவர் வரும்போது ஃபார் இன்னில் அடுப்பு எரிந்து, தேத்தண்ணீர் கொதித்திருக்க வேண்டும். அதனால் இவர்கள் நடுச்சாமம் தாண்டியதும் கிளம்புவார்கள். தை மாசியில் மேலே புல்லெல்லாம் உறைபனி. செருப்புக் கிடையாது. சாக்கைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டு, தலைக்குமேல் கறுப்புக் கம்பளியைப் போர்த்தி, பந்தத்தோடு நடந்திருக்கிறார்கள். “பனி மிதிச்சா முதல்ல சுடும், அப்புறம் காலே இருக்காது” என்பார். அதற்கென்று தனிக் கூலி கிடையாது. செக்ரோல் என்ற வருகைப் பதிவில் அன்றைக்கு ஒரு பேர் விழும், துரை மனசு வைத்தால் மிச்சப் பாணும் கிடைக்கும்.

உலக முடிவைப் பார்த்தீர்களா தாத்தா என்று கேட்டிருக்கிறேன். “பார்க்கிறதுக்கு என்ன இருக்கு, பள்ளம்தானே” என்றார். துரைசானி விளிம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் இவர் கொஞ்சம் தள்ளிக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். பள்ளத்தைவிட நாற்காலிக் கால் வழுக்கிவிடுமோ என்பதுதான் அவர் கவலை. அப்பா அதுகூடப் பார்க்கவில்லை. பத்து மைல் தூரத்தில் வாழ்ந்து, கவ்வாத்து வெட்டி, அங்கேயே போய்ச் சேர்ந்தார். 1948இல் எங்கள் குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள், பிறகு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்குப் போகிறதா இங்கேயே இருக்கிறதா என்ற பேச்சிலேயே தோட்டத்து வரிசை வீடான லயம் முழுவதும் இருந்தது. சுற்றுலா போகிற மனசு யாருக்கு?

எங்கள் வயசுக்காரர்கள்தான் சும்மா பார்க்கவென்று ஏறிய முதல் தலைமுறை. பதுளைக்குப் போகும் இரவு மெயிலில் வந்து ஒஹியவில் இருட்டோடு இறங்குவோம். நிலையத்தில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு டோர்ச் லைட்டோடு ஏற்றம். கொழும்பு, யாழ்ப்பாணம் என்று எங்கெங்கோ இருந்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், கித்தார் தூக்கின பையன்கள், பானையோடு வந்து மேலேயே சோறாக்கின குடும்பங்கள். அரசாங்கம் ஒரு காலத்தில் அங்கே உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தது. விட்டுப்போன அந்த நிலத்தில் வந்தேறிச் செடிகள் மண்டின. 1969இல் சரணாலயமானது, 1988இல் தேசியப் பூங்கா. பரப்பு 3,160 ஹெக்டேர், அதிகமில்லை. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தபோது இதுவும் அதில் சேர்ந்தது. அழிந்தே போனதென்று நினைத்திருந்த ஒரு தேவாங்கின் படம் வெளியானதும் அந்த வருஷம்தான். அதைப் பார்த்ததாகச் சொல்கிற வழிகாட்டிகளை நம்ப வேண்டாம். அது இரவில் நடமாடும், நாங்கள் பகலில்.

பூங்காவான பிறகு வாசலில் சோதனை வந்தது. பார்க்க வேடிக்கையாக இருக்கும். பையைத் திறந்து பிஸ்கட் பக்கெட்டின் மேலுறையை உரித்து, பிஸ்கட்டைக் கடதாசிப் பைக்குள் கொட்டித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைச் சுரண்டி எடுப்பார்கள். பூங்காக் காவலர் நகத்தால் அதை ஒரே இழுப்பில் உரிக்கிற வேகத்தைப் பார்த்தால் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற கை மாதிரி இருக்கும். சில பயணிகள் சண்டை போடுவார்கள். போடட்டும். மரை பொலித்தீனைத் தின்றுவிட்டுச் செத்துக் கிடந்ததைக் கண்டவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஃபார் இன் முன்னால் மரைகள் இன்றும் நாய்க்குட்டிபோல வந்து நிற்கும். ஒரு காலத்தில் இங்கேதான் இவற்றின் பாட்டன்மாரை நாயை விட்டு விரட்டினார்கள். இப்போது அந்தக் கட்டிடம் பார்வையாளர் நிலையம்.

நேரக் கணக்கு மட்டும் துரைமார் காலத்ததுதான். ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது நிற்க வேண்டும், ஏனென்றால் ஒன்பது பத்து மணிக்கு மூட்டம் ஏறிவிடும். முதலில் சின்ன உலக முடிவு, பிறகு பெரியது. கிட்டத்தட்ட 870 மீட்டர் செங்குத்துப் பள்ளம். வானம் தெளிந்திருந்தால் உடவளவைக் குளம் தெரியும், அதற்கப்பால் தெற்குக் கடலின் ஒரு கோடு. மூட்டத்தில் போனால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான், அதற்கும் கட்டணம் ஒன்றே. விளிம்பில் படம் எடுக்கிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: 2015இல் ஒரு டச்சுக்காரர் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தார், மரத்தில் சிக்கியதால் பிழைத்தார், இராணுவம் வந்து தூக்கியது. அந்த மரம் எல்லா இடத்திலும் இல்லை.

நேர் கீழே ஒரு தேயிலைத் தோட்டம், நன்பெரில். வெயில் அடித்தால் தகரக் கூரை மின்னும். சென்னையிலிருந்து வருகிறவர்கள், “அங்க யார் சார் இருக்காங்க?” என்று கேட்பார்கள். “நம்ம ஆட்கள்தான்” என்றால் திரும்பி ஒரு தரம் பார்ப்பார்கள். லயத்தைக் காட்டுவேன். கொழுந்துக்குப் போகிற பெண்கள் புள்ளியாகத் தெரிவார்கள். அடுத்த நிமிஷம் படம் எடுக்கப் போய்விடுவார்கள், அதிலும் தப்பில்லை.

சுமை ஒழிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு தடவை கோயம்புத்தூரிலிருந்து வந்த ஐயா ஒருவர், நல்ல கனம், பேக்கர் அருவிக்கு இறங்குகிற படியில் கணுக்காலைப் பிசக்கிக்கொண்டார். அங்கே வண்டி வராது. மேலே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. நானும், பின்னால் வேறு கூட்டத்தோடு வந்த இரண்டு வழிகாட்டிகளும், பட்டிப்பொலப் பையன் ஒருவனும் இரண்டு கம்பில் ஜாக்கெட்டுகளைக் கோத்து அவரை உட்காரவைத்துத் தூக்கினோம். பாதி வழியில் அவருக்கே வெட்கமாகி, “என்னை இறக்கி விடுங்க தம்பி, மெதுவா நடந்து வரேன்” என்றார். இறக்கவில்லை. மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. ஃபார் இன் முற்றத்தில் இறக்கியதும் ஐயாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினார். மற்ற மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாங்கி நாலு பேரும் பிரித்துக்கொண்டோம்.